விரதத்துக்கு முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது பற்றித்தான் இப்போது எங்கும் பேச்சு. 'பதினாறு எட்டு' (பதினாறு மணி நேரம் பட்டினி, மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு), 'ஒருவேளை உணவு', 'தண்ணீர் விரதம்' என்று பெயர்களும் பெருகிவிட்டன. எத்தனை மணி நேரம் வயிற்றைக் காயப்போட வேண்டும் என்பதை நிமிடக் கணக்கில் சொல்கிறார்கள். அந்த நேரம் முடிந்ததும் தட்டில் என்ன விழுகிறது, காலையில் வழக்கமாகப் போடும் மாத்திரையை அன்றைக்கு என்ன செய்வது என்ற இரண்டையும் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. இவற்றில் முதலாவது, எடை குறையாமல் போவதற்குக் காரணம். இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் காரணம். கடிதம் கொஞ்சம் நீளம்தான். சுருக்கித்தான் போட வேண்டும் என்றால், மாத்திரை பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வாரத்து மகிழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். விரதம் ஆரம்பித்த ஐந்தாறு நாளில் எடை மெஷின் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர். நம் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துக் கையிருப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்தால் உடம்பு முதலில் கை வைப்பது இந்தக் கையிருப்பில்தான். அது கரையக் கரைய, பிடித்து வைத்திருந்த தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். இன்சுலின் அளவு இறங்குவதால் உப்பும் கூடவே வெளியேறும். எட்டாம் நாள் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால், போன கிலோ மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து நிற்கும். "எவ்வளவு விரதம் இருந்தும் பிரயோசனம் இல்லை" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அன்று ஏறியதும் கொழுப்பில்லை, முதலில் இறங்கியதும் கொழுப்பில்லை.

கொழுப்பின் கணக்கு வேறு. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரு நாளைக்கு 1,800 கலோரி தேவைப்படும் பெண் ஏகாதசியன்று தண்ணீர் தவிர எதையும் தொடாமல் இருந்தால், அதிகபட்சம் 230 கிராம் கொழுப்புக் கரையலாம். வருடத்தின் 24 ஏகாதசியையும் அப்படியே கடைப்பிடித்தால் ஐந்தரை கிலோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. துவாதசி மதியச் சாப்பாட்டில் அதை ஈடுகட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே எடையைத் தினமும் பார்க்காதீர்கள். வாரத்தில் ஒரே நாள், காலையில் கழிப்பறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்கும் முன், அதே மெஷினில், தரை சமமாக உள்ள அதே இடத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். டேப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம் ஊர் உடம்புக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். நாலு வாரத்தில் எடை அசையாமல் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் வழி சரி என்று பொருள்.

நேரத்தைக் குறுக்கினாலே உடம்பு இளைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு? 2020இல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் பகல் 12 மணியிலிருந்து இரவு 8 வரை மட்டும் சாப்பிட வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போல் மூன்று வேளை. விரதப் பிரிவில் சராசரியாக 0.94 கிலோ குறைந்தது, மற்றதில் 0.68. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. குறைந்ததிலும் கணிசமான பங்கு தசை. 2022இல் சீனாவின் குவாங்சோ நகரில் பருமனான 139 பேருக்கு ஒரு வருடம் ஒரே அளவு கலோரியைக் குறைத்துக் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப்பேர் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் சாப்பிட்டார்கள். நேரம் பார்த்தவர்களுக்கு 8 கிலோவும் பார்க்காதவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன. புள்ளியியல் கணக்குப்படி இதுவும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு பிரிவிலும் எடை நன்றாகவே இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். வேலை செய்தது கலோரிக் குறைப்பு. ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடும் கைக்கு 'ஏழு மணிக்கு மேல் கிடையாது' என்ற விதி ஒரு கடிவாளம். அந்த அளவுக்கு விரதம் நல்ல கருவி. எண்ணிக் கணக்குப் பார்த்துச் சாப்பிடப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னும் நல்ல கருவி.

"நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் பரிசு கிடைத்தது, செல் தன் பழைய பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்தும் முறையைக் கண்டறிந்ததற்காக. அதை அவர் ஈஸ்ட்டைப் பட்டினி போட்டுப் பார்த்தார். பதினாறு மணி நேரம் சாப்பிடாத மனிதருக்குப் புற்றுநோய் வராது என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை.

இனி தட்டுக்கு வருகிறேன். நம் வீடுகளில் 'ஒருபொழுது' என்றால் ஒருவேளை சோறு, மற்ற வேளைக்குப் பலகாரம். அந்தப் பலகாரத்தில்தான் கணக்கு உதைக்கிறது. விரதத்துக்கென்றே செய்யும் ஜவ்வரிசிக் கிச்சடியை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு ஊறவைக்காத ஜவ்வரிசி 70 கிராம், வறுத்த வேர்க்கடலை 20 கிராம், ஒரு சின்ன உருளைக்கிழங்கு, தாளிக்க ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய். ஜவ்வரிசி 245 கலோரி, கடலை 115, எண்ணெய் 125, கிழங்கு 40. கூட்டினால் 525. இதில் புரதம் 6 கிராம் தேறும், அதுவும் கடலையின் புண்ணியத்தில். ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. வேறொன்றும் அதில் இல்லை. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். அப்போது வாழைப்பழம், பால், கடலை மிட்டாய். இரவு ரவை உப்புமா. ஆக, விரத நாளின் மொத்தக் கலோரி சாதாரண நாளை எட்டிவிடும், புரதம் மட்டும் பாதியாகிவிடும்.

காபியையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 100 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஃபில்டர் காபி 100 கலோரி. "சாப்பிடவே இல்லை, காபி மட்டும்தான்" என்று மூன்று தம்ளர் குடித்தால் ஐந்து இட்லிக்குச் சமம். பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டங்காபி, சுக்குத் தண்ணீர், சீரகத் தண்ணீர் ஆகியவற்றுக்குக் கணக்கில்லை. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு தம்ளர் 30 கலோரிக்குள் அடங்கும். 'விரதம் முறிந்துவிடுமே' என்று நீர்மோரை விலக்கிவிட்டு மயங்கி விழுவதைவிட அதைக் குடிப்பது மேல்.

எப்படித் தொடங்குவது? பதினாறு மணி நேரத்தில் குதிக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் இரவு 8 முதல் காலை 8 வரை, பன்னிரண்டு மணி நேரம் போதும். இதைச் சொன்னால் "இதென்ன விரதம்?" என்று சிரிப்பார்கள். இரவு பத்தரைக்குத் தோசை சாப்பிட்டு, காலை ஆறு மணிக்குப் பால் காபி குடிப்பவருக்கு இப்போதைய இடைவெளி ஏழரை மணி நேரம்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். மூன்றாம் வாரம் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் தள்ளுங்கள், காலைச் சாப்பாட்டை ஒன்பதுக்குப் பின்னால் தள்ளுங்கள். பதினான்கு மணி நேரம் ஆகிவிடும். பெரும்பாலோருக்கு இதற்கு மேல் தேவையில்லை. இரவை வைத்துக்கொண்டு காலையை விடுவதைவிட, காலையை வைத்துக்கொண்டு இரவை முன்னால் நகர்த்துவது நல்லது. மாவுச்சத்தைக் கையாளும் திறன் நமக்குப் பகலின் முற்பகுதியில் கூடுதல்; பொழுது சாயச்சாய அது குறையும்.

70 கிலோ எடையுள்ளவர் ஒரு நாளைக்கு 70 கிராம் புரதத்தையாவது எட்ட வேண்டும். சாதாரணமாகப் பரிந்துரைக்கும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம், எடை குறைக்கும் காலத்தில் ஒன்று அல்லது அதற்கும் சற்று மேல் வேண்டும், இல்லாவிட்டால் தசை கரையும். சைவச் சாப்பாட்டில் இது முடியுமா என்றால், முடியும், திட்டம் வேண்டும். காலை ஒன்பதுக்கு இரண்டு அடை அல்லது இரண்டு பாசிப்பயறு தோசை (காய்ந்த பருப்பு 60 கிராம்), ஒரு தம்ளர் சர்க்கரையில்லாத பால். 20 கிராம் வந்துவிட்டது. மதியம் ஒரு கிண்ணம் சோறு, 150 கிராமுக்கு மேல் வேண்டாம். 40 கிராம் பருப்பைக் கெட்டியாக வேகவைத்த கூட்டு, இரண்டு கரண்டி காய், ஒரு கிண்ணம் தயிர். இன்னொரு 20. சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: நம் வீட்டுச் சாம்பாரில் ஒரு ஆளுக்கு 10 அல்லது 15 கிராம் பருப்புத்தான் விழுகிறது, ஓட்டல் சாம்பாரில் அதுவும் கிடையாது. நாலு மணிக்கு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை ஊறவைத்த சுண்டல், 8 கிராம். ஆறரைக்கு இரண்டு சப்பாத்தி, 75 கிராம் பன்னீர் அல்லது 30 கிராம் சோயா உருண்டை. இது இன்னொரு 20. அசைவக்காரர்களுக்கு வேலை எளிது. இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம். குழம்பு மீன், வறுவல் இல்லை.

எண்ணெய்க்கு ஒரு வழி: மாதத்துக்கு ஓர் ஆளுக்கு முக்கால் லிட்டர் என்று தனியாக ஊற்றி வைத்துவிடுங்கள். கரண்டிக் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது, பாட்டில் காலியாவது கண்ணுக்குத் தெரியும்.

விரதத்தை முடிக்கும் முதல் பத்து நிமிடம் கொஞ்சம் சூட்சுமம். பசியோடு சோற்றில் கை வைத்தால் வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டும் முன் ஒன்றரை மடங்கு உள்ளே போய்விடும். முதலில் ஒரு தம்ளர் தண்ணீர், பிறகு காயோ சுண்டலோ முட்டையோ, கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினாலே அளவு குறையும், சாப்பிட்டபின் சுகர் ஏறுவதும் தணியும்.

நடுவில் வரும் தொந்தரவுகளில் பலவற்றுக்குக் காரணம் பட்டினி இல்லை. இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி பெரும்பாலும் காபி நின்றதால் வருவது. விரதம் தொடங்கும் முன் ஒரு வாரமாக நாளுக்கு அரைத் தம்ளர் குறைத்துக்கொண்டே வந்தால் அது வராது. எழுந்து நின்றால் கண் இருட்டுவது தண்ணீரும் உப்பும் குறைந்ததன் அடையாளம். இரண்டரை லிட்டர் தண்ணீர் நாள் முழுவதும் பரவலாக வேண்டும். மலச்சிக்கலுக்குக் காரணம் உள்ளே போகும் நாரின் மொத்த அளவு குறைந்தது. வாயில் ஒருவித அழுகிய பழ வாடை வந்தால் கொழுப்பு எரிகிறது என்று மகிழ்ச்சி அடையலாம், சர்க்கரை நோயாளி என்றால் மட்டும் பயப்பட வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பட்டினியைவிட, பட்டினி முடிந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பதுதான் வில்லன்.

மூன்றாம் மாதம் முடி கொத்தாகக் கொட்டத் தொடங்கும். எண்ணெயை மாற்றுவார்கள், ஷாம்பூவை மாற்றுவார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் புரதமும் இரும்புச் சத்தும் சட்டென்று குறைந்ததன் விளைவு அது; காரணமும் விளைவும் இவ்வளவு தள்ளி வருவதால் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் விரதத்தை அன்றே நிறுத்த வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது நியாயமான வேகம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வாராவாரம் குறைந்தால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்களுக்குக் கால் கட்டைவிரல் வீங்கிக்கொள்ளும். பட்டினியில் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் என்ற பொருட்கள் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுக்கின்றன.

இப்போது மாத்திரை டப்பா.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவர் விரதம் இருக்கலாமா என்பதற்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒரே பதில் கிடையாது. எந்த மாத்திரை என்பதுதான் பதில். கிளைமிபிரைடு, கிளைகிளாசைடு, கிளைபென்கிளமைடு ஆகியவை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு டிபனை மட்டும் பன்னிரண்டுக்குத் தள்ளினால், பத்து பதினொரு மணிக்குள் சுகர் இறங்கிவிடும். மூன்றில் கிளைபென்கிளமைடு மிக மோசம். சிறுநீரகம் பலவீனமான வயதானவர்களுக்கு அதன் வேகம் மறுநாள் வரை தணியாது. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சுகரை அபாயமாக இறக்காது, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அவ்வளவே. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் வகையும் தனியாக இருந்தால் பெரும்பாலும் பாதுகாப்பானவை.

சிக்கல் எங்கே என்றால், நம் ஊரில் 'மெட்ஃபார்மின்தான் போடுகிறேன்' என்று சொல்பவர்களில் பலர் போடுவது கூட்டு மாத்திரை. ஒரே மாத்திரையில் மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் இருக்கும். சிலவற்றில் மூன்றாவதாக வோக்லிபோஸ் அல்லது பயோகிளிட்டசோனும் இருக்கும். அட்டையைத் திருப்பி, கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். கடையில் ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். அந்தத் துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும், எத்தனை மில்லிகிராம் என்பது வெட்டுப்பட்டுப் போயிருக்கும். முழு அட்டையாக வாங்குங்கள், அல்லது ரசீதைக் கையோடு வைத்திருங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்துச் சொல்லலாம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வகை சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவது. இதய நோய்க்கும் சிறுநீரகத்துக்கும் இப்போது நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள், நல்ல மருந்துதான். இதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு விட்டாலும், நாள் முழுவதும் பட்டினி கிடந்தாலும், ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. கொடுமை என்னவென்றால் அப்போது சுகர் ஏறக்குறைய இயல்பாகவே காட்டும். குத்திப் பார்த்துவிட்டு "சுகர் நார்மல்தானே" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வாங்குவது ஆகியவை வந்தால் மெஷின் என்ன காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரையின் பெயரையும் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பட்டினி போடும் முன் இந்த மாத்திரையை மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

இன்சுலின் போடுபவர்களில், காலையும் இரவும் கலவை இன்சுலின் (முப்பது-எழுபது என்பார்கள்) போடுபவர்கள் ஒருவேளையைக்கூடத் தம் இஷ்டத்துக்குத் தள்ளக்கூடாது. ஊசி உள்ளே போனபின் சாப்பாடு வந்தே ஆக வேண்டும். சிறு வயதிலிருந்தே இன்சுலினை நம்பி வாழும் முதல் வகை நோயாளிகள் எடைக்காக விரதம் இருக்க வேண்டாம். இரண்டாம் வகைக்காரர்கள் டாக்டரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்கிய பிறகே தொடங்கலாம். "நானே அரை மாத்திரையாக்கிவிட்டேன்" என்பது மாற்றமில்லை, சூதாட்டம்.

விரத நேரத்தில் சுகர் 70க்குக் கீழ் போனாலும் 300க்கு மேல் போனாலும் அந்த நிமிடமே விரதத்தை முடிக்க வேண்டும். கை நடுக்கம், குப்பென்ற வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இறங்குவதன் அடையாளங்கள். பிரஷருக்கு அட்டெனோலால், புரோபிரனலால் போடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரைத் தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு தடவை. தாண்டியதும் இரண்டு இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டாக வேண்டும். சாக்லேட், லட்டு, பால் இதற்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அக்கார்போஸ் என்று இருந்தால் வீட்டுச் சர்க்கரையும் சீக்கிரம் வேலை செய்யாது. மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். ஒரு பாக்கெட் வாங்கி மாத்திரை டப்பாவிலேயே போட்டு வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும்.

ரமலான் நோன்பு வைப்பவர்களுக்கு இதில் ஒழுங்கான வழிகாட்டல் ஏற்கனவே இருக்கிறது. நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்ப்பது, காலை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவது, சஹர் உணவைக் கடைசி நேரம் வரை தள்ளி உண்பது, பகலில் குத்திப் பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். சுகர் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் இந்த முன்யோசனை நம்மிடம் இல்லை. ஐப்பசியில் ஆறு நாள் கந்த சஷ்டி இருப்பவர்கள் பலர் ஆறு நாளும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அல்லது நிறுத்தாமல் சாப்பாட்டை மட்டும் நிறுத்துகிறார்கள். இரண்டுமே தப்பு.

மற்ற மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் பிரஷர் மாத்திரைகளோடு பட்டினியும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது விழ வாய்ப்புண்டு. அதைப் போடுபவர்கள் கட்டிலிலிருந்து ஒரு நிமிடம் உட்கார்ந்து எழ வேண்டும். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடவே கூடாது. தைராய்டு மாத்திரைக்கு மட்டும் விரதம் தோழன். காலையில் தண்ணீரோடு போட்டு ஒரு மணி நேரம் காபிகூட இல்லாமல் இருக்கச் சொல்லித்தான் அதைக் கொடுக்கிறோம், விரத நாளில்தான் அந்த ஒரு மணி நேரம் உண்மையாகவே கடைப்பிடிக்கப்படுகிறது.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், ஏற்கனவே மெலிந்திருப்பவர்கள், சாப்பாட்டை நினைத்தாலே குற்ற உணர்ச்சி வருபவர்கள் என இவர்கள் யாருக்கும் எடைக்கான விரதம் கிடையாது. கல்லூரிப் பெண்கள் ரீல்ஸ் பார்த்துவிட்டு ஒரு வேளை மட்டும் சாப்பிடத் தொடங்குவதை வீட்டில் "டயட்டில் இருக்கிறாள்" என்று பெருமையாகச் சொல்வதை நிறுத்தினால் நல்லது.

கடைசியாக, நாள்கணக்கில் இருக்கும் தண்ணீர் விரதம். 1956இல் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி விருதுநகரில் உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார் எழுபது நாளுக்கு மேல் உயிரோடிருந்தார். 1987இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் தண்ணீரும் அருந்தாத திலீபன் பன்னிரண்டாம் நாள் மறைந்தார். உயிரையே பணயம் வைத்தவர்களின் பெயரைத் தொப்பை குறைக்கும் பேச்சில் எடுப்பது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீரில்லாப் பட்டினிக்கும் தண்ணீரோடு இருக்கும் பட்டினிக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. 'உலர் விரதம்' என்று இணையத்தில் விற்கும் சரக்கை யாரும் வாங்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியரி 1965-66இல் 382 நாள் சாப்பிடாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு இறங்கியதை எடுத்துக்காட்டுபவர்கள், அவர் டன்டீ நகர ஆஸ்பத்திரியின் கண்காணிப்பில் இருந்ததையும், வைட்டமின், பொட்டாசியம் கொடுத்து ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருந்தார்கள் என்பதையும் விட்டுவிடுகிறார்கள்.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்குப் பட்டினியைவிட முதல் சாப்பாடுதான் எமன். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் எழும்பும். அது ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தை செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் இவை திடீரென்று சரிந்தால் இதயம் தாளம் தப்பும், மூச்சுத் தசைகள் தளரும். தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்திருந்தால் மூளையும் பாதிக்கும். அதனால்தான் முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுப்பதில்லை, தயமினை முதலிலேயே கொடுக்கிறார்கள், உப்புகளைத் தினமும் பரிசோதிக்கிறார்கள். பத்து நாள் தண்ணீர் விரத முகாம் முடிந்த கையோடு வடை பாயசத்துடன் நிறைவு விருந்து வைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் வைத்த நம் வழக்கம் ஒரு நாள் விரதத்துக்கானது. பத்து நாள் பட்டினிக்கு அது போதாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் தினமும் வரும் பஞ்சாங்கக் கட்டத்தில் ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம், கிருத்திகை எல்லாம் தவறாமல் இருக்கின்றன. ரமலானில் சஹர், இப்தார் நேரங்கள் வருகின்றன. அந்த நாட்களில் அதே கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: 'சுகர் மாத்திரை, இன்சுலின், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் நேரத்தை மாற்றி எழுதி வாங்கிய பிறகே விரதம் இருக்கவும், சுகர் 70க்குக் கீழ் இறங்கினால் உடனே முடிக்கவும்.' இதை விரதத்துக்கு முந்தைய நாள் இதழிலேயே போடுவது நல்லது. விடியற்காலையில் மாத்திரை போடுபவர் அன்றைய பேப்பரைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்,
திருச்சி